படங்களின் இலக்கணம் கண்டவர்

முதல் உலகப்போர் முடிந்தபோது வியன்னா நகரம் பசியால் வாடிக் கிடந்தது. வீடற்ற மக்கள் நகரின் புறத்தே குடில் அமைத்து, காய்கறி பயிரிட்டு உயிர் வாழ்ந்தனர். புதிதாக அமைந்த நகராட்சி அவர்களுக்காக வீடுகளைக் கட்டவும், காசநோயையும் குழந்தை இறப்பையும் குறைக்கவும் முனைந்தது. செய்த பணிக்குக் கணக்கு உண்டு. ஆனால் அக்கணக்கைப் படித்துப் புரிந்துகொள்ளும் பயிற்சி மக்களுள் பெரும்பாலோர்க்கு இல்லை. எண்களால் நிறைந்த அறிக்கை அறிஞரின் மேசையிலேயே தங்கிவிட்டது. அதனை எளிய தொழிலாளியின் கண்முன் கொண்டுவந்து நிறுத்தியவர் ஓட்டோ நொய்ராத்.

அவர் 1882ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் வியன்னாவில் பிறந்தார். தந்தை பொருளியல் அறிஞர். நொய்ராத் கணிதமும் வரலாறும் பொருளியலும் பயின்று, பண்டைக்கால பொருளாதார வரலாற்றை ஆராய்ந்து பெர்லினில் முனைவர் பட்டம் பெற்றார். முதல் மனைவி ஆன்னா மகப்பேற்றுக்குப் பின் 1911இல் மறைந்தார். அடுத்த ஆண்டு அவர் மணந்த ஒல்கா ஹான் கணித அறிஞர். இருபத்திரண்டாம் வயதில் பார்வையை இழந்தவர். பிறர் நூல்களைப் படித்துக் காட்ட, கேட்டே ஆய்வை முடித்தவர். கண்ணுக்கான மொழியை உருவாக்கியவரின் இல்லத்தில் கண்ணொளி இல்லாத ஓர் அறிவொளி இருந்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

1919இல் மியூனிக் நகரில் புரட்சி அரசின் பொருளாதாரத் திட்டப் பொறுப்பை நொய்ராத் ஏற்றிருந்தார். அவ்வரசு சில வாரங்களில் வீழ்ந்தது. அவர் சிறைப்பட்டு, ஆஸ்திரிய அரசின் முயற்சியால் தாயகம் திரும்பினார். அதன் பின்னரே குடியிருப்போர் இயக்கத்தில் ஈடுபட்டார். சமூகப் பொருளாதார அருங்காட்சியகம் ஒன்றை வியன்னாவில் நிறுவி, 1925இல் அதன் பணியைத் தொடங்கினார். அங்குப் பழம்பொருள்களோ அரசர்களின் வாள்களோ இல்லை. மக்களின் வாழ்வைக் காட்டும் படங்களே இருந்தன.

அப்படங்களுக்கு அவர் வகுத்த தலையாய விதியை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். ஓர் ஊரில் ஆயிரம் மூட்டை நெல் விளைகிறது. மற்றோர் ஊரில் இரண்டாயிரம் மூட்டை. இதனைக் காட்ட ஒரு சிறிய மூட்டையையும், அதனைப் போல் இருமடங்கு உயரமுள்ள பெரிய மூட்டையையும் வரைவது அக்கால வழக்கம். உயரம் இருமடங்கானால் அகலமும் இருமடங்காகும். படத்தின் பரப்போ நான்கு மடங்காகிவிடும். வரைந்தவர் பொய் கூற எண்ணாவிடினும் படம் பொய் கூறிவிடுகிறது! தாளில் கட்டமிட்டு வரைந்து பார்க்கும் மாணவர் இதனை எளிதில் உணர்வர். நொய்ராத் இவ்வழக்கத்தை அறவே நீக்கினார். ஒரு குறியீடு ஆயிரம் மூட்டையைக் குறித்தால், இரண்டாயிரத்திற்கு அதே அளவில் இரண்டு குறியீடுகள். மிகுதி என்பதைக் குறியீட்டின் எண்ணிக்கையே காட்ட வேண்டும், பருமன் காட்டலாகாது.

பொருளுக்கு வேண்டாத அழகும் நிழலும் தவிர்க்கப்பட்டன. நிறம் அழகுக்கன்றிப் பொருள் வேறுபாட்டுக்கே வந்தது. தொழிற்சாலையின் உருவும் காலணியின் உருவும் சேர்ந்தால் காலணித் தொழிற்சாலை. தமிழில் இரு சொற்கள் இணைந்து தொகைச்சொல் ஆவது போன்றதே இது.

இப்பணியை அவர் தனியே செய்யவில்லை. அறிஞர் தரும் தரவுகளை ஆராய்ந்து, எதனைக் காட்டுவது, எவ்வாறு காட்டுவது என்று முடிவு செய்தவர் மேரி ரைடமைஸ்டர். இவ்விடைநிலைப் பணிக்கு உருமாற்றம் என்று பெயரிட்டனர். குறியீடுகளைச் செதுக்கி அச்சிட்டவர் கெர்ட் அர்ன்ட்ஸ் என்னும் ஓவியர். அவர் படைத்தவை ஏறத்தாழ 4,000. நொய்ராத்தின் புகழில் இவ்விருவர்க்கும் உரிய பங்கு நெடுங்காலம் பேசப்படாமலேயே இருந்தது. 1930இல் நூறு படத்தாள்கள் கொண்ட உலகத் தொகுப்பு வெளிவந்தது. அதில் உலக மக்களை நிறத்தாலும் தோற்றத்தாலும் சில வகைகளாகப் பிரித்துக் காட்டிய முறை இன்று நமக்கு உறுத்தலாகவே தோன்றுகிறது. ஒரே மாந்த உரு என்னும் எளிமைக்கு அவர்கள் கொடுத்த விலை அது எனலாம்.

1934 பிப்ரவரியில் வியன்னாவில் உள்நாட்டுப் போர் மூண்டது. நொய்ராத் அப்போது மாஸ்கோவில் இருந்தார். திரும்பினால் சிறை உறுதி. முன்பே பேசி வைத்திருந்த மறைமொழியில் மேரி அனுப்பிய தந்தி அவரைத் தடுத்தது. குழுவினர் நெதர்லாந்தின் ஹேக் நகரில் மீண்டும் கூடினர். வியன்னாவின் பெயரால் அழைக்கப்பட்ட முறைக்கு அங்கு, 1935இல், ஐசோடைப் என்னும் புதுப்பெயரை மேரி சூட்டினார். 1937இல் ஒல்கா அந்நகரிலேயே மறைந்தார்.

1940 மே மாதத்தில் செருமானியப் படை நெதர்லாந்துக்குள் நுழைந்தது. ராட்டர்டாம் எரிந்த மே 14ஆம் நாள், நொய்ராத்தும் மேரியும் கையில் ஏதுமின்றிக் கடற்கரைக்கு ஓடினர். நாற்பதுக்கும் மேற்பட்டோர் நெருங்கி நின்ற ஓர் உயிர்காப்புப் படகில் இடம் பெற்றனர். மனித அறிவு என்பது கரைசேர வழியின்றி நடுக்கடலிலேயே பழுது பார்க்கப்படும் கப்பலைப் போன்றது என்று மெய்யியல் நூல்களில் அவர் பல காலம் எழுதி வந்தவர். அவ்வுவமையின் நடுவிலேயே அன்று அவர் நின்றார்! பிரித்தானியப் போர்க்கப்பல் ஒன்று அவர்களை மீட்டது. எனினும் பகைநாட்டார் என்று கருதப்பட்டு இருவரும் தனித்தனியே காவலில் வைக்கப்பட்டனர். மான் தீவில் பல மாதங்கள் கழிந்தன. 1941இல் விடுதலை பெற்று மணம் புரிந்துகொண்டு, ஆக்ஸ்போர்டில் பணியைத் தொடர்ந்தனர். போர்க்கால ஆவணப் படங்களில் உணவுப் பங்கீட்டை ஐசோடைப் உருக்கள் அசைந்து விளக்கின. நண்பர்க்கு எழுதும் மடல்களில் கையொப்பத்துடன் ஒரு யானையை வரையும் வழக்கத்தையும் அவர் விடவில்லை.

1945ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் நொய்ராத் காலமானார். மேரி நிறுவனத்தை ஏற்று நடத்தினார். சிறுவர்க்கான அறிவியல் நூல்கள் பலவற்றை உருவாக்கினார். 1950களில் மேற்கு நைஜீரியாவுக்குச் சென்றபோது, ஐரோப்பாவில் வரைந்த வீடும் உடையும் அங்குப் பொருந்தா என்று கண்டு, அம்மண்ணின் வீடுகளையும் ஆடைகளையும் பார்த்துக் குறியீடுகளைப் புதிதாக வரையச் செய்தார்.