ரோசன்வால்டு பள்ளிக்கூடங்கள்: யார் கொடுத்த காசு?

அமெரிக்காவின் தென்மாநிலங்களில், 1913 முதல் 1932 வரை, கறுப்பின மக்கள் வாழ்ந்த கிராமங்களில் ஏறக்குறைய ஐயாயிரம் பள்ளிக்கூடங்கள் எழுந்தன. அவற்றை இன்றும் ரோசன்வால்டு பள்ளிகள் என்றே அழைக்கிறார்கள். ஒரு கோடீஸ்வரர் தன் அறக்கட்டளை மூலம் கட்டிக்கொடுத்தார் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் வரவுசெலவுக் கணக்கு வேறு கதை சொல்கிறது.

ஜூலியஸ் ரோசன்வால்டு 1862 ஆகஸ்ட் 12-ல் இல்லினாய் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் பிறந்தார். ஜெர்மனியிலிருந்து குடியேறிய யூதக் குடும்பம். அப்பா துணி வியாபாரி. பள்ளிப் படிப்பை முடிக்காமலேயே 16 வயதில் நியூயார்க் போய், தாய்மாமன்மாரிடம் தொழில் பழகினார். 1895-ல் சிகாகோவின் சியர்ஸ் ரோபக் கம்பெனியில் பங்கு வாங்கினார். விலைப்பட்டியல் புத்தகத்தைக் கிராமம் கிராமமாக அனுப்பி, தபாலில் பொருள் விற்ற கம்பெனி அது. பின்னாளில் அதன் தலைவராகவும் ஆனார்.

அடிமையாகப் பிறந்து, கல்வியாளராக உயர்ந்த புக்கர் டி. வாஷிங்டனின் தன்வரலாற்றை 1910-ல் படித்தது அவரை மாற்றியது. ரஷ்யாவில் யூதர்கள் வேட்டையாடப்பட்டதை அறிந்தவர், தன் நாட்டில் கறுப்பர்கள் படும் பாட்டையும் அதனோடு சேர்த்துப் பார்த்தார். 1912-ல் தன் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு, வாஷிங்டன் நடத்திய அலபாமாவின் டஸ்கிகி நிறுவனத்துக்கு 25,000 டாலர் கொடுத்தார். அதில் மிஞ்சிய சிறு தொகையில் சுற்றுவட்டாரக் கிராமங்களில் ஆறு பள்ளிகள் கட்டலாமா என்று வாஷிங்டன் கேட்டார். ரோசன்வால்டு சம்மதித்தார். முதல் பள்ளி 1913-ல் லோச்சபோகா என்ற சிற்றூரில் திறக்கப்பட்டது. டாக்டர் அம்பேத்கர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததும் அதே ஆண்டில்தான்.

அடிமைமுறை 1865-லேயே ஒழிந்துவிட்டது. ஆனாலும் கறுப்பினப் பிள்ளைகள் மாதா கோவிலிலும் ஒழுகும் கொட்டகையிலும்தான் படித்தார்கள். அவர்களும் வரி கட்டினார்கள். அந்தப் பணம் பெரும்பாலும் வெள்ளையர் பள்ளிகளுக்கே போனது.

ரோசன்வால்டு நிதி 1917-ல் முறைப்படி அமைக்கப்பட்டது. அதன் விதி இதுதான்: செலவில் ஒரு பங்கை மட்டும் நிதி தரும். மீதியை ஊர் மக்களும் மாவட்டக் கல்வி வாரியமும் போட வேண்டும். பணமாக இல்லாவிட்டால் நிலமாக, மரமாக, உழைப்பாகத் தரலாம். கட்டி முடித்தபின் இடமும் கட்டடமும் வாரியத்துக்குச் சொந்தம்; பள்ளியை நடத்துவது அரசின் கடமை. தானமாக ஒரு கட்டடத்தைத் தந்துவிட்டுப் போனால், அதைச் சாக்காக வைத்து அரசு கைகழுவிவிடும் என்பது அவர் கணக்கு. அது சரியான கணக்குதான்.

மக்கள் எப்படித் திரட்டினார்கள்? பள்ளிக்கென்று ஒரு துண்டு நிலத்தில் பருத்தி விதைத்து, விற்ற காசைக் கொடுத்தார்கள். பெண்கள் கோழி விற்றார்கள், சமைத்து விருந்து வைத்துப் பணம் சேர்த்தார்கள். ஆண்கள் மரம் வெட்டிச் சுமந்தார்கள். அலபாமாவின் போலிஜீ என்ற ஊரில் நடந்த கூட்டத்தில், அடிமைக் காலத்தைக் கண்ட ஒரு முதியவர் அழுக்குப் பையைத் திறந்து ஆயுள் சேமிப்பான 38 டாலரையும் மேசைமேல் கொட்டினார். கட்டட வரைபடங்களை முதலில் டஸ்கிகியின் கறுப்பின வல்லுநர்கள் தயாரித்தார்கள். மின்சாரம் இல்லாத ஊர்கள் என்பதால் வெளிச்சம் நிறைய வரும்படி பெரிய பெரிய சன்னல்கள் வைத்தார்கள்.

1932-ல் கட்டுமானத் திட்டம் முடிந்தபோது 15 மாநிலங்களில் 4,977 பள்ளிகள் நின்றன. ஆசிரியர் வீடுகளையும் தொழிற்கூடங்களையும் சேர்த்தால் 5,357 கட்டடங்கள். மொத்தச் செலவு சுமார் 2 கோடியே 84 லட்சம் டாலர். ரோசன்வால்டு நிதி தந்தது சுமார் 44 லட்சம். கறுப்பின மக்கள் கைக்காசாகவும் பொருளாகவும் தந்தது சுமார் 47 லட்சம். கோடீஸ்வரரைவிடக் குத்தகை விவசாயிகள் அதிகம் கொடுத்திருக்கிறார்கள். பெரும்பகுதி, சுமார் 1 கோடியே 81 லட்சம், வரிப்பணம். அந்த வரியிலும் அவர்கள் பங்கு உண்டு. அதாவது வெள்ளைக்காரப் பிள்ளைக்குச் சும்மா கிடைத்த பள்ளிக்காகக் கறுப்பினத் தகப்பன் இரண்டு முறை கட்டணம் செலுத்தினான். இந்த நியாயமான குறையை வரலாற்றாசிரியர்கள் சொல்லியிருக்கிறார்கள். இனவாரியாகப் பிரித்துவைத்த ஏற்பாட்டை ரோசன்வால்டு நேரடியாக எதிர்க்கவில்லை என்பதும் உண்மை. எதிர்த்திருந்தால் தென்மாநில வாரியங்கள் ஒரு செங்கல்லைக்கூட வைக்க விட்டிருக்காது.

அவரது இன்னொரு பிடிவாதம் அபூர்வமானது. அறக்கட்டளைகள் மூலதனத்தைப் பூட்டிவைத்து வட்டியில் காலமெல்லாம் வாழ்வதை அவர் வெறுத்தார். தான் இறந்து 25 ஆண்டுகளுக்குள் அசலும் வட்டியும் செலவாகிவிட வேண்டும் என்று எழுதிவைத்தார். 1932 ஜனவரி 6-ல் இறந்தார். 1948-ல் நிதி கடைசிக் காசுவரை செலவாகி மூடப்பட்டது.

அதற்கு முன் கறுப்பின எழுத்தாளர்கள், கலைஞர்கள், ஆய்வாளர்கள் பலருக்கு உதவித்தொகை தந்தது. 1946-ல் அம்பேத்கர் கடிதம் எழுதிய டுபாய்ஸ் அவர்களில் ஒருவர். கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதியும் பெற்றார்கள். பொம்மைகளைக் கொண்டு அவர்கள் நடத்திய ஆய்வு, பிள்ளைகளை இனவாரியாகப் பிரிப்பது சட்டவிரோதம் என்ற 1954-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் மேற்கோளானது. ரோசன்வால்டு பள்ளிகளில் படித்த பிள்ளைகளில் மாயா ஏஞ்சலோவும், பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினரான ஜான் லூயிஸும் உண்டு.

தீர்ப்புக்குப் பின் பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பத்திரம் வாரியத்தின் பெயரில் இருந்ததால் கட்டடங்கள் விற்கப்பட்டன, இடிக்கப்பட்டன, பாழடைந்தன. தாத்தா பாட்டி பருத்தி விற்றுக் கட்டிய பள்ளியைச் சில ஊர்களில் பழைய மாணவர்களும் சபைகளும் மீட்டு, செப்பனிட்டு, சமுதாயக் கூடமாக நடத்துகிறார்கள்.