மார்க்கோனி மண்ணில் புதைத்த பாதி

அனகாபுத்தூரில் வீட்டுக்குப் பின்னாடி கொஞ்சம் காலி இடம் இருக்கு, ஹாம் ரேடியோ லைசென்ஸும் கையில் இருக்குன்னு வச்சுக்கோங்க. 40 மீட்டர் பேண்டுக்காகச் சுமார் 10 மீட்டர் உயரத்துக்கு ஒரு வெர்டிகல் ஆன்டெனா நிறுத்தியாச்சு. வேலை முடிஞ்சுதா? பாதிதான் முடிஞ்சிருக்கு. மீதிப் பாதி தரையில். ஆன்டெனாவின் அடியிலிருந்து, சைக்கிள் சக்கரத்துக் கம்பி மாதிரி எல்லாப் பக்கமும் வயர்களை விரிக்கணும். அதுதான் ரேடியல். அளந்து, வெட்டி, சிக்கு விழாமல் நீட்டுவதற்குத் தறிக்குப் பாவு தயார் பண்ற பொறுமை வேணும். நெசவாளர் ஊரில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மேலே போகிற கம்பிக்குக் கீழே எதுக்கு இவ்வளவு வயர்? இந்தக் கேள்விக்கு 1895-க்குப் போகணும். அங்கே 21 வயசுப் பையன் ஒருவன் இருக்கான்.

குலியெல்மோ மார்க்கோனி 1874 ஏப்ரல் 25 அன்று இத்தாலியின் போலோனா நகரில் பிறந்தார். அப்பா இத்தாலியர், அம்மா அயர்லாந்துக்காரர். பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது. ஹெர்ட்ஸ் கண்டுபிடித்த மின்காந்த அலைகளைப் பற்றிப் படித்துவிட்டு, வீட்டு மாடியறையிலேயே சோதனைகளைத் தொடங்கினார். சிக்னல் கொஞ்ச தூரம் போகும், அதுக்கு மேல போகாது.

அதுவரை ஆன்டெனாவின் இரண்டு பாதிகளும் காற்றில்தான் இருந்தன. மார்க்கோனி ஒரு பாதியை உயரத்தில் தூக்கினார், இன்னொரு பாதியை மண்ணோடு இணைத்தார். உடனே தூரம் எகிறியது. குன்றுக்கு அந்தப் பக்கம், சுமார் 2 கிலோமீட்டரைத் தாண்டிச் சிக்னல் போனது. அது ஏன் நடந்தது என்பது அப்போது அவருக்கே முழுசாத் தெரியாது. செய்து பார்த்தார், வேலை செய்தது. அவ்வளவுதான்.

1896-ல் லண்டன் போய் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1899-ல் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிச் செய்தி அனுப்பினார். 1901 டிசம்பர் 12 அன்று, இங்கிலாந்தின் போல்டுவிலிருந்து அனுப்பிய மூன்று புள்ளிகளைக் கனடாப் பக்கம் நியூஃபவுண்ட்லாந்தில், பட்டத்தில் கட்டிய கம்பி வழியாகக் கேட்டதாக அறிவித்தார். சுமார் 3,400 கிலோமீட்டர் தூரம். உண்மையிலேயே கேட்டாரா என்று இன்றும் சந்தேகப்படுபவர்கள் உண்டு. அன்று அவர் பயன்படுத்திய பாதரச டிடெக்டரைப் போன்ற ஒன்றை நம்ம ஜெகதீஷ் சந்திர போஸ் 1899-லேயே கட்டுரையாக வெளியிட்டிருந்தார். மார்க்கோனி அவருக்கு உரிய பெயரைக் கொடுக்கவில்லை. 1909-ல் மார்க்கோனிக்கும் பிரவுனுக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. 1923-ல் அவர் முசோலினியின் பாசிசக் கட்சியில் சேர்ந்தார். பெரிய மனுஷன் வாழ்க்கை என்பதற்காக அதை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது.

1937 ஜூலை 20 அன்று ரோமில் இறந்தார். மறுநாள் பிரிட்டனின் ஒலிபரப்பு நிலையங்கள் 2 நிமிடம் மௌனமாக இருந்தன.

அதற்கு ஒரு மாதம் முன்னால்தான், மண்ணில் புதைத்த பாதியின் கணக்கை அமெரிக்காவில் பிரவுன், லூயிஸ், எப்ஸ்டீன் என்ற மூன்று பொறியாளர்கள் அளந்து வெளியிட்டிருந்தார்கள். (நோபல் வாங்கிய பிரவுன் வேறு ஆள்.) விஷயம் இதுதான்: கால் அலை வெர்டிகலின் கதிர்வீச்சுத் தடை சுமார் 36 ஓம். மண் வழியாகத் திரும்பி வருகிற மின்னோட்டமும் 36 ஓம் இழப்பைச் சந்தித்தால், நீங்க கொடுக்கும் பவரில் பாதி மண்ணைச் சூடாக்கத்தான் போகும். ரேடியல்கள் அந்த மின்னோட்டத்துக்குத் தாமிரத்தில் வழி போட்டுத் தருகின்றன. அதனால்தான் மீடியம் வேவ் நிலையங்களில் 120 ரேடியல் வரை புதைத்தார்கள்.

உங்களுக்கு 120 வேண்டாம். 10 மீட்டர் நீளத்தில் 16 போட்டாலே நல்ல வித்தியாசம் தெரியும். வீட்டு வயரிங் வயரே போதும், மேல் உறையை உரிக்க வேண்டாம். தரையில் கிடக்கும்போது நீளம் கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும் பரவாயில்லை, எண்ணிக்கைதான் முக்கியம். எல்லா முனைகளையும் அடியில் ஒரே இடத்தில் சேர்த்து, கோஆக்சியல் கேபிளின் வெளிப்பின்னலோடு இணைச்சிடுங்க. மழை வந்தாலும் துருப்பிடிக்காத மாதிரி அந்த இணைப்பை மூடுங்க. அப்புறம் மேலே ஒரே ஒரு கம்பி மட்டும் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் இதுதானா ஆன்டெனான்னு கேட்டா, கீழே காட்டுங்க.