பெடர்சன் எறியாத வெள்ளைப் படிகம்

உப்பளத்து நீரில் வெள்ளி நைத்திரேற்றை விட்டால் சோதனைக்குழாய் தயிர் போல வெளுத்துவிடும். புத்தளத்துப் பிள்ளைகளான நாங்கள் இதற்காக உப்பு தேடி அலைய வேண்டியதில்லை. வெள்ளி அயனைக் கண்டால் குளோரைட்டு விடாது. அந்த அயனைப் பிடித்து வைக்கவல்ல வளையங்களைக் கண்டறிந்தவர்தான் சார்ள்ஸ் பெடர்சன்.

1904இல் கொரியாவின் பூசான் நகரில் பிறந்தார். தந்தை நோர்வே நாட்டுக் கப்பல் பொறியியலாளர், தாய் யப்பானியர். எட்டு வயதில் வீட்டைப் பிரிந்து நாகசாக்கியில் படித்தார். பிறகு யோகோகாமா, அமெரிக்கா. முதுமாணி முடிந்ததும் கலாநிதிப் படிப்பைத் தொடருமாறு பேராசிரியர்கள் வற்புறுத்தினர். இன்னும் தந்தையின் பணத்தில் படிக்க மனமில்லாமல் 1927இல் டுபொண்ட் கம்பனியில் சேர்ந்தார்.

இந்த இடத்தில் நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். வாப்பா உப்பளத்தில் உழைக்கும் காசில்தான் என் டியூஷன். உப்பு அரித்த அவருடைய கால் புண் ஆறுவதேயில்லை. பெடர்சன் செய்தது சரியென்று சொல்லவும் முடியவில்லை, பிழையென்று சொல்லவும் முடியவில்லை.

1960களின் தொடக்கம். அவருக்கு ஐம்பது கடந்திருந்தது. வேறொரு சேர்வையை ஆக்கும்போது மூலப்பொருளில் இருந்த மாசினால், பஞ்சு போன்ற வெண்படிகம் சிறிதளவு வந்தது. விளைவு வெறும் 0.4 சதவீதம். நானென்றால் கழுவி ஊற்றியிருப்பேன். மெதனோலில் அரிதாகவே கரைந்த அது, சோடியம் ஐதரொட்சைட்டைச் சேர்த்ததும் நன்றாகக் கரைந்தது. ஏன் என்று அவர் விடாமல் தேடினார். 18 அணுக்கள் சேர்ந்த வளையம், அதில் ஆறு ஒட்சிசன். நடுத்துளையில் உலோக அயன் போய் அமர்ந்துகொள்கிறது! பொற்றாசியத்துக்கு அந்தத் துளை அளவெடுத்தது போல் இருந்தது. கிரீடம் போன்ற வடிவத்தால் கிரவுண் ஈதர் என்று பெயரிட்டு, 1967இல் தனியொருவராகவே கட்டுரை வெளியிட்டார். வளையங்கள் பிடிக்கும் அயன்களில் வெள்ளியும் இருந்தது.

வெள்ளி அயன் பற்றீரியாவின் புரதங்களிலுள்ள கந்தகத்தைப் பற்றி அவற்றை முடக்கும். ஆனால் புண்ணில் கசியும் நீரிலும் உப்பு உண்டே! அங்கும் அது வீழ்படிவாகிவிடும். ஒட்சிசனுக்குப் பதிலாகக் கந்தகமோ நைதரசனோ வைத்த வளையங்கள் வெள்ளியை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். அத்தகைய சிக்கற்சேர்வைகளைப் பற்றீரியாக்களின் மீது ஆய்வாளர்கள் சோதித்து வருகிறார்கள்.

1969இல் ஓய்வுபெற்ற பெடர்சனுக்கு, 1987இல், 83ஆம் வயதில், கிராம், லேன் ஆகியோருடன் நோபல் பரிசு கிடைத்தது. அப்போதும் அவர் கலாநிதியல்லர். 1989இல் காலமானார்.

வாப்பாவின் காலுக்கு உம்மா இன்றும் மருந்து கட்டினார். பரீட்சைக்குப் பிறகு நான் என்ன படிப்பது என்பதை வீட்டில் இன்னும் பேசவில்லை.