எஃப்.சி. சட்டத்துக்கு முன்பே வண்டிப் பராமரிப்பை வழக்கமாக்கியவர்: டி.வி.எஸ். சுந்தரம் ஐயங்கார் யார்?

கோத்தகிரியிலிருந்து வரும் சாலை கட்டபெட்டில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று குன்னூருக்கு, இன்னொன்று ஊட்டிக்கு. அரசுப் பஸ், பச்சைத் தேயிலை ஏற்றிய லாரி, சுற்றுலா வேன், சொந்தக் கார் என எல்லாமே இந்த மலைச் சாலைகளில்தான் ஏறி இறங்குகின்றன. எந்த வண்டியாக இருந்தாலும் இறக்கத்தில் உள்ளே இருப்பவர்களின் உயிர் ஒரு பெடலை நம்பித்தான் இருக்கிறது. அதுதான் பிரேக்.

அந்த பிரேக் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று. ஆனால் அப்படி ஒரு சான்று சட்டத்தில் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, வண்டியைச் சரியாக வைத்திருப்பதையே தன் தொழிலின் அடிப்படையாக மாற்றியவர் ஒரு தமிழர். அவர்தான் டி.வி. சுந்தரம் ஐயங்கார். அவர் நீலகிரிக்காரர் இல்லை. ஆனால் மலையேறும் பல பஸ், லாரிகளின் பிரேக்குக்குப் பின்னால் அவர் குடும்பத்தின் கதை இருக்கிறது.

யார் இந்த டி.வி.எஸ்.?

1877-ல் திருநெல்வேலிச் சீமையின் திருக்குறுங்குடியில் பிறந்தவர். திருக்குறுங்குடி வேங்கரம் சுந்தரம் என்ற பெயரின் சுருக்கம்தான் இன்று பைக் முதல் ஸ்பேர் பார்ட்ஸ் வரை நாம் பார்க்கும் டி.வி.எஸ்.

சட்டம் படித்து வக்கீலாக இருந்தார். பிறகு ரயில்வேயிலும் வங்கியிலும் வேலை பார்த்தார். அந்தக் காலத்தில் இப்படி ஒரு சம்பளத்தை விடுவதற்கு யாருக்கும் மனசு வராது. அவர் விட்டார். 1911-ல் தன் பெயரில் நிறுவனம் தொடங்கி, மதுரையை மையமாக வைத்து பஸ் போக்குவரத்தில் இறங்கினார்.

அப்போது நிலைமை எப்படி இருந்தது?

மாட்டு வண்டியும் குதிரை வண்டியும்தான் சாலையை ஆண்டன. இந்தியா முழுமைக்குமான முதல் மோட்டார் வாகனச் சட்டமே 1914-ல்தான் வந்தது. வழியில் பஸ் நின்றுவிட்டால் ரிப்பேர் பார்க்க ஆள் கிடையாது, மாற்ற உதிரிபாகமும் கிடையாது.

இன்னொரு தொல்லை, ஆணி. மாட்டுக்கும் குதிரைக்கும் அடித்த லாடத்திலிருந்து ஆணிகள் கழன்று சாலையெங்கும் கிடக்கும். பஸ் டயர் பஞ்சராக அது ஒன்றே போதும். இதற்கு அவர் செய்த ஏற்பாடு மதுரைப் பக்கம் இன்றும் பேசப்படுகிறது. பெரிய காந்தம் பொருத்திய வண்டியைச் சாலையில் ஓட்டி, ஆணிகளை முன்கூட்டியே பொறுக்க வைத்தாராம்.

டி.வி.எஸ். பஸ் வருவதைப் பார்த்து மக்கள் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வார்கள் என்றும் சொல்வதுண்டு. கேட்க வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். நேரத்துக்கு வர வேண்டும் என்றால் பஸ் நடுவழியில் நிற்கக் கூடாது. நிற்கக் கூடாது என்றால் கிளம்புவதற்கு முன்பே டயர், பிரேக், இன்ஜின் எல்லாவற்றையும் பார்த்திருக்க வேண்டும்.

போர்க்காலத்தில் என்ன செய்தார்?

இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு. கரியை எரித்து அதில் வரும் வாயுவால் வண்டியை ஓட்டும் கேஸ் பிளான்ட்டை அவரது நிறுவனம் தயாரித்தது. தேய்ந்த டயரின் மேல் புது ரப்பர் ஒட்டித் தரும் ரீட்ரெடிங் தொழிற்சாலையும் வந்தது. உதிரிபாகங்களுக்கு மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ், கார் விற்பனைக்கும் சர்வீசுக்கும் சுந்தரம் மோட்டார்ஸ் என்று தொழில் விரிந்தது.

அவரது தொழில்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். பஸ் ஓட்டுவதோடு அவர் நிற்கவில்லை. ஓடுகிற பஸ்ஸுக்கு என்னென்ன தேவையோ, அதையெல்லாம் அடுத்தடுத்து தொழிலாக்கினார்.

1955-ல் கொடைக்கானலில் தன் 78-வது வயதில் காலமானார்.

அவருக்குப் பிறகு

மகன்கள் அடுத்த கட்டத்துக்குப் போனார்கள். சென்னை பாடியில் தொழிற்சாலைகள் எழுந்தன. 1960-ல் சக்கரங்களுக்கு வீல்ஸ் இந்தியா, 1961-ல் விளக்கு உள்ளிட்ட மின்கருவிகளுக்கு லூகாஸ் டி.வி.எஸ்., 1962-ல் பிரேக்குகளுக்கு பிரேக்ஸ் இந்தியா, அதே ஆண்டில் பஸ், லாரிகளின் ஏர் பிரேக்குக்கு சுந்தரம் கிளேட்டன். தரத்துக்கான ஜப்பானின் டெமிங் பரிசை 1998-ல் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு வென்றது. அந்தப் பிரிவு இன்று வேறு பெயரில் இயங்குகிறது.

பஸ்கள் என்ன ஆயின? 1970-களின் தொடக்கத்தில் தமிழக அரசு தனியார் பஸ்களை நாட்டுடைமையாக்கியபோது, டி.வி.எஸ். பஸ்கள் மதுரையின் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்துக்குப் போயின. கோவை, நீலகிரி பக்கம் சேரன் வந்தது.

சரி, எஃப்.சி. எப்போது வந்தது?

1939 மோட்டார் வாகனச் சட்டம், போக்குவரத்து வாகனங்களுக்குத் தகுதிச் சான்றைக் கட்டாயமாக்கியது. இப்போது நடைமுறையில் இருப்பது 1988 சட்டம். அதன்படி,

* பஸ், லாரி, டாக்ஸி போன்ற வாடகை வண்டிகளுக்கு 8 ஆண்டுகள் வரை 2 ஆண்டுக்கு ஒரு முறை எஃப்.சி.; அதற்குப் பிறகு ஆண்டுதோறும்.
* சொந்தக் காருக்குப் பதிவு 15 ஆண்டுகள். பிறகு 5 ஆண்டுக்கு ஒரு முறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும்.
* பிரேக், ஸ்டீயரிங், டயர், ஹெட்லைட், இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன், கண்ணாடி, புகை எல்லாம் சோதிக்கப்படும்.
* கார் டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது.
* முதலுதவிப் பெட்டியும், வண்டி நின்றால் பின்னால் வைக்கும் சிவப்பு முக்கோணமும் காரில் இருக்க வேண்டும்.
* 2019 ஜூலை முதல் புதுக் கார்களில் சீட் பெல்ட் நினைவூட்டல், வேக எச்சரிக்கை, ரிவர்ஸ் சென்சார் கட்டாயம்.

எஃப்.சி. இருந்தும் பிரேக் ஏன் பிடிக்காமல் போகிறது?

எஃப்.சி. என்பது சோதித்த அன்றைக்கு வண்டி எப்படி இருந்தது என்பதற்கான சாட்சி மட்டும்தான். அதற்கு அடுத்த மாதமே பிரேக் பேட் தேய்ந்து போகலாம், ஆயில் கசியலாம்.

மலையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. இறக்கம் முழுக்க பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடாகிவிடும். சூடு ஏற ஏற பிடிமானம் குறையும். கருகிய வாடை வந்தால் அதுதான் எச்சரிக்கை. நல்ல பிரேக்கும் இப்படித்தான் கைவிடும். அதனால்தான் மலைச் சாலைகளில் இரண்டாவது கியரில் இறங்குங்கள் என்று போர்டு வைத்திருக்கிறார்கள். தாழ்ந்த கியரில் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ஊட்டி கல்லட்டிப் பாதையில், அடுத்தடுத்து நடந்த விபத்துகளுக்குப் பிறகு, வெளியூர் வண்டிகள் கீழே இறங்கத் தடை விதிக்கப்பட்டது.

மலை ஏறும் முன் நீங்கள் என்ன பார்க்கணும்?

பிரேக் ஆயில் அளவு சரியா? ஹேண்ட் பிரேக் சரிவில் வண்டியை நிறுத்துகிறதா? ஸ்டெப்னி உட்பட ஐந்து டயரிலும் காற்று இருக்கா? மூடுபனியில் போக விளக்குகள் எரிகிறதா? ஆட்டோமேட்டிக் கார் என்றால் தாழ்ந்த கியரில் வைப்பது எப்படி என்று தெரியுமா?

இதற்கெல்லாம் பத்து நிமிஷம் போதும். வாடகை வேனில் போகிறீர்களா? எஃப்.சி. தேதியைக் கேட்டுப் பாருங்கள், அது பயணியின் உரிமை.

சாலையில் ஆணி பொறுக்கச் சொல்லி சுந்தரம் ஐயங்காருக்கு எந்த அதிகாரியும் உத்தரவு போடவில்லை. பஸ்ஸை நம்பி ஏறுகிறவர்கள் ஊர் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகச் செய்த வேலை அது. அந்தக் கவனம் எஃப்.சி. காகிதத்தோடு சேர்ந்து வராது. வண்டியை எடுக்கும் ஒவ்வொரு நாளும் ஓட்டுகிறவர்தான் அதைக் கொண்டுவர வேண்டும்.