விலாஸ் கோக்ரே: படம் பிடிக்கப்பட்ட பாடகர்

மும்பையின் முலுண்ட் குடிசைப் பகுதியில் வாழ்ந்தவர் விலாஸ் கோக்ரே. தலித் மக்கள் பாடகர். 'ஆவ்ஹான் நாட்டிய மஞ்ச்' என்னும் இடதுசாரிக் கலைக்குழுவில் பாடிவந்தார். 1985-இல் ஆனந்த் பட்வர்தன் எடுத்த 'பாம்பே: அவர் சிட்டி' ஆவணப்படத்தில் குடிசைகள் இடிக்கப்படும் காட்சிகளோடு ஒலிப்பது அவரது குரலே.

ஓல்கா டெல்லிஸ் வழக்கின் தீர்ப்பும் அதே ஆண்டில்தான் வந்தது. வாழ்வாதாரம் வாழ்வுரிமையின் பகுதி என்றது உச்ச நீதிமன்றம். முன்னறிவிப்புத் தந்து அப்புறப்படுத்தலாம் என்றும் சொன்னது. இவ்விரண்டில் அரசுகள் எதைப் பற்றிக்கொண்டன என்பதைக் கூவம் கரையிலிருந்து பூந்தமல்லியை அடுத்த கூடப்பாக்கத்துக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களிடம் கேட்டறியலாம்.

கோக்ரேயின் பிற்காலம் கசப்பானது. கட்டுப்பாட்டை மீறினார் என்று அமைப்பு அவரை விலக்கிவிட்டது. வறுமையில் உழன்ற ஒரு கலைஞனிடம் அத்தகைய கண்டிப்பு வேண்டியிருந்ததா என்று இன்றும் எமக்குத் தோன்றுகிறது.

1997 ஜூலை 11 அன்று காட்கோபர் ரமாபாய் அம்பேத்கர் நகரில் அண்ணலின் சிலைக்குச் செருப்பு மாலை அணிவிக்கப்பட்டிருந்தது. திரண்ட மக்கள் மீது மாநில ரிசர்வ் போலீசார் சுட்டதில் பத்துப் பேர் மாண்டனர். அடுத்த சில நாட்களில் கோக்ரே தம் குடிசையில் உயிரை மாய்த்துக்கொண்டார். வாழ்நாளெல்லாம் செங்கொடியின் கீழ்ப் பாடியவர், இறுதியில் தலையில் கட்டியிருந்தது நீலத் துணி. அம்பேத்கரிய ஒற்றுமையை வாழ்த்தும் வரியைக் கரும்பலகையில் எழுதிவைத்திருந்தார்.

தம் படத்தில் பாடியவரின் சாவு பட்வர்தனை மீண்டும் கேமராவோடு இழுத்து வந்தது. இம்முறை படப்பிடிப்பு பதினான்கு ஆண்டுகள் நீண்டது. கூட்டம் எரிவாயு லாரிக்குத் தீ வைக்க முனைந்ததால் சுட்டோம் என்பது காவல்துறையின் வாதம். குண்டேவார் ஆணையம் துப்பாக்கிச் சூடு நியாயமற்றது என்றது. சுட ஆணையிட்ட மனோகர் கதமுக்கு 2009-இல் அமர்வு நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றத்தில் அவர் பிணை பெற்றார். இவற்றையும், உறவுகளை இழந்தோரின் நெடிய காத்திருப்பையும், கபீர் கலா மஞ்ச் போன்ற அடுத்த தலைமுறைப் பாடகர்களையும் பதிவுசெய்த 'ஜெய் பீம் காம்ரேட்' 2011-இல் நிறைவுற்றது. மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும் அப்படம் தலித் குடியிருப்புகளில் திரையிடப்பட்டது. இயக்குநர் தலித் அல்லர் என்பதால் எழுந்த விமரிசனங்களைத் தள்ளிவிட இயலாது. ஆயினும் அவர் திரும்பிச் சென்றார் என்பதையும் மறுக்கவியலாது.

அம்பத்தூர், ஆவடிப் பகுதி மாணவர்கள் மறுகுடியமர்வு பற்றிப் படமெடுக்க எம்மிடம் யோசனை கேட்டு வருவதுண்டு. கேமராவைப் பற்றி நாம் ஏதும் சொல்வதில்லை. வெட்டாத மூலப் பதிவைத் தேதியோடு காத்துவைக்கவும், அதன் ஒரு படியைப் பேசியவர்களிடமே கொடுத்து வரவும் சொல்கிறோம். ஆணையத்தின் முன் சாட்சி சொல்லப் போகிறவர்கள் அவர்களே.