கடைசற்பட்டறையில் ஒரு சக்கரவர்த்தி

முடிதரித்த மன்னர் பலரின் சரித்திரத்தை நாம் படித்திருக்கிறோம். உளிபிடித்துக் காய்த்த தம் கையைப் பெருமையாகக் கருதிய மன்னரோ மிகச் சிலர். அவருள் தலையாயவர் ருஷியா தேசத்துச் சக்கரவர்த்தி மகா பீட்டர் ஆவார்.

1672-ஆம் ஆண்டு மாஸ்கோ நகரிற் பிறந்த இவர், இளமை முதலே கைத்தொழிலிற் பேரவாக் கொண்டிருந்தார். 1697-இல் தம் பதவியை மறைத்து ஒல்லாந்து தேசஞ் சென்று, கப்பற்பட்டறையிலே தச்சரோடு தச்சராய் உழைத்தார். 1703-இல் பீட்டர்ஸ்பர்க் நகரை நிறுவிய பின்னர், அரண்மனையிலேயே கடைசற்பட்டறை அமைத்து, மரத்திலும் தந்தத்திலும் கடைசல் பிடித்து வந்தார். 1712-இல் மாஸ்கோவினின்றும் வரவழைக்கப்பட்ட ஆந்திரேய் நார்த்தோவ் என்னும் எளிய குடியினரான இளைஞரே அப்பட்டறைக்கு உயிராயினார். அவரிடத்தில் மன்னர் மாணாக்கராயிருந்து கற்றார்.

சாதாரணக் கடைசலிற் சுழலும் மரம் உருளையாகவோ, பந்தாகவோ, கூம்பாகவோ உருப்பெறும். அதனை எவ்விடத்திற் குறுக்கே அறுப்பினும் வட்டமே காணப்படும். இவ்விதியைக் கடக்கும் யந்திரங்கள் ஐரோப்பாவில் முன்னரே தோன்றியிருந்தன. நார்த்தோவ் அவற்றை மிகவுந் திருத்தமுறச் செய்தார். விளிம்பு நெளிந்த தகடொன்று அச்சோடு சேர்ந்து திரும்பும். அந்நெளிவுக்கேற்ப அச்சும் அசையும். அதனால் மரம் இதழ் விரிந்த மலர்போன்ற வடிவங்களைப் பெறும். வேறொரு யந்திரத்தில், தொடுகோல் ஒன்று உலோக மாதிரியைத் தடவிச் செல்ல, உளியும் அதன்படியே சென்று அவ்வுருவத்தைச் செதுக்கும். உளியைக் கை தாங்காது யந்திரமே தாங்கி நகர்த்திற்று. இவ்வேற்பாடு பிற்காலத்து இரும்புக் கடைசலுக்கு இன்றியமையாததாயிற்று.

1718-இல் மன்னர் நார்த்தோவை இங்கிலாந்து, பிரான்சு முதலிய நாடுகளுக்கு அனுப்பித் தொழில்நுட்பங்களை அறிந்துவரச் செய்தார். அவர் செய்த யந்திரங்கள் பீட்டர்ஸ்பர்க்கிலும் பாரிஸிலும் காட்சிசாலைகளில் இன்றும் காக்கப்படுகின்றன.

எனினும், மறைக்கலாகாத உண்மையொன்றுண்டு. இம்மன்னர் நிறுவிய நகரின் வேலைக்குக் கட்டாயமாகக் கொணரப்பட்ட ஏழைத் தொழிலாளர் ஆயிரக்கணக்கானோர் குளிராலும் நோயாலும் மாண்டனர். நார்த்தோவுக்கு அருகில் இடந் தந்தவர், பெயரறியாத அவ்வேழைகளை ஒரு பொருட்டாக எண்ணினாரல்லர். 1725-இல் அவர் காலமானார். நார்த்தோவும் அரண்மனைப் பட்டறையை விட்டு நாணயசாலைப் பணிக்குச் செல்லலாயினர்.

அன்பர்களே! தொழிலைப் போற்றுதல் எளிது. தொழில் செய்வாரைப் போற்றுதலே அரிது. நம் இல்லத்துச் சிறுவர்க்கு உளிபிடிக்கக் கற்பிக்கும்போதே, உளிபிடித்த கைகள் அனைத்தையும் மதிக்கவும் கற்பிப்போமாக.