பிளான்போர்டு என்னும் பூகோள ஆசிரியர்

விழுப்புரத்தினின்றும் கிழக்கே புதுச்சேரி நோக்கிச் செல்லும் பெருவழியில் கோலியனூரைக் கடந்து செல்வோர் இருபுறத்தும் வயல்களையும் தோப்புகளையுமே காண்பர். அவ்வழிக்கு வடகிழக்கே வழுதாவூர் என்னும் பழைய ஊர் உளது. அதற்கு அப்பால், சங்கராபரணி யாற்றின் கரையில், மரங்கள் கல்லாய்க் கிடக்கும் திருவக்கரை உளது. திருவக்கரைக் கல்மரங்களை நம்மவர் பலர் அறிவர். 1781ஆம் ஆண்டிலேயே சொன்னரா என்னும் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் அவற்றைக் கண்டு எழுதினார். வழுதாவூரின் பெயரோ, உலகத்துப் பூதத்துவ நூலார் பலர்க்குத் தெரிந்திருந்தும், அவ்வூர்க்கு அண்மையிற் பயிலும் நம் மாணவர்க்குத் தெரிவதில்லை. அப்பெயரை நிலநூலில் ஏறச் செய்தவர் ஹென்றி பிரான்சிஸ் பிளான்போர்டு என்னும் ஆங்கிலேயர். இந்திய வானிலை இலாகாவின் முதல் தலைவர் என்று இவரை யாவரும் அறிவர். ஆயினும் இவர் முதலில் நிலநூல் கற்று, பின்னர் ஆசிரியராகி, அதன் பின்னரே வானிலைக்கு வந்தவர். பட்டம் பெற்றுப் பூகோள ஆசிரியராக விரும்பும் நம் மாணவர்க்கு இவர் வாழ்க்கையின் அந்நடுப்பகுதியே பெரிதும் பயன்படுவதாகலின், அதனைச் சற்று விரித்து எழுதத் துணிந்தோம்.

பிளான்போர்டு 1834ஆம் ஆண்டு ஜூன் மாதம் 3ஆந் தேதி லண்டன் மாநகரிற் பிறந்தார். வில்லியம் தாமஸ் என்னும் தமையனார் இவரினும் ஏறத்தாழ இரண்டாண்டு மூத்தவர். அவரும் பெரும் புகழ் படைத்த நிலநூல் வல்லுநரே. 1851ஆம் ஆண்டில் லண்டனில் அரசாங்கச் சுரங்கக் கல்லூரி தொடங்கப்பெற்றது. அக்காலத்துப் பல்கலைக்கழகங்களிற் பெரிதும் போற்றப்பட்டவை இலத்தீன், கிரேக்கம், கணிதம் என்பனவே. இப்புதிய கல்லூரியோ, கல்லும் மண்ணும் உலோகமும் ஆகியவற்றைப் பாடமாகக் கொண்டது. கனிப்பொருள்களும் பாறைகளும் நிரல்பட வைக்கப்பெற்ற பொருட்காட்சிச் சாலை ஒன்று அக்கட்டடத்திலேயே இருந்தது. கேட்ட பாடத்தைக் கேட்ட அன்றே கையிலெடுத்து நோக்கும் வாய்ப்பு அங்குப் பயின்றார்க்கு எளிதிற் கிடைத்தது. சகோதரர் இருவரும் அங்கே மாணாக்கராயினர்.

அக்கல்லூரியில் உயிர்நூல் கற்பித்தவர் எட்வர்டு பார்பஸ் என்னும் பேரறிஞர். இங்கே ஒரு செய்தி குறிப்பிடத்தக்கது. 1840க்குப் பின் சில ஆண்டுகளில், கே, கன்லிப் என்னும் இருவர் புதுச்சேரிப் பக்கத்தும் விருத்தாசலத்தும் திருச்சிராப்பள்ளிச் சீமையிலும் கல்லாய்ச் சமைந்த சிப்பிகளையும் சங்குகளையும் திரட்டிச் சீமைக்கு அனுப்பினர். அவற்றை ஆராய்ந்து 1846ஆம் ஆண்டில் விரிவாக எழுதி வெளியிட்டவர் இந்தப் பார்பஸே. அவர் தென்னாட்டைக் கண்டவரல்லர். மேசைமேல் வைத்த சிப்பிகளைக் கொண்டே இம்மண்ணின் வயதை அளக்க முயன்றார். ஆசிரியர் காணாது ஆராய்ந்த நிலத்தை மாணாக்கர் கால்நடையாய் அளக்க நேர்ந்தது பின்னர் நிகழ்ந்தது.

லண்டன் படிப்பு முடிந்தபின் பிளான்போர்டு ஜெர்மானிய நாட்டுச் சாக்ஸனியில் உள்ள பிரைபர்க் சுரங்கக் கல்லூரிக்குச் சென்று பயின்றார். 1765ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அக்கல்லூரியில் முன்னாளில் வெர்னர் என்னும் ஆசிரியர் இருந்தார். அவர் எழுதிய நூல்கள் மிகச் சில. அவரிடம் பாடங் கேட்டவரோ ஹம்போல்ட் முதலிய பேரறிஞர். நிலநூலில் ஆசிரியப் பரம்பரை என்பது எத்துணை வலியதென்பதற்குப் பிரைபர்க்கினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

1855ஆம் ஆண்டில் சகோதரர் இருவரும் இந்தியப் பூதத்துவ ஆராய்ச்சி இலாகாவிற் சேர்ந்து கல்கத்தா வந்தனர். அவ்விலாகாவின் தலைவர் தாமஸ் ஓல்டாம். டப்ளின் நகரத்து டிரினிடி கல்லூரியிற் பேராசிரியராய் இருந்து வந்தவர். ஒரிசாவைச் சேர்ந்த தால்சீர் நிலக்கரிப் பகுதியே இளைஞர் இருவர்க்கும் முதலில் இடப்பட்ட பணி. ஆங்கு நுண்ணிய சேற்றுப் படிவினிடையே பெரும்பாறை உருண்டைகள் பதிந்து கிடக்கக் கண்டனர். வெள்ளம் உருட்டிக் கொணர்ந்ததாயின் சேறு தங்கியிராது. சேறு படியத்தக்க அமைதியான நீராயின் பெருங்கற்களை அது சுமந்து வந்திருக்க இயலாது. ஆகவே பனிக்கட்டியே கற்களைத் தாங்கி வந்து, உருகியவிடத்து அவற்றைச் சேற்றில் விழவிட்டிருத்தல் வேண்டுமென்று எழுதினர். வெயில் கொளுத்தும் ஒரிசாவிற் பனிக்கட்டியா என்று ஐயுற்றார் பலர். பின்னாளிற் பனிக்கட்டி உராய்ந்த கீறல்களோடு கூடிய பாறைகள் அகப்பட்டு அம்முடிபு உறுதியாயிற்று. ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகட்கு முன் இந்நிலம் தென்துருவத்தை அடுத்துக் கிடந்தது என்பது இன்று பாடசாலை நூல்களிலும் காணப்படும் செய்தி.

1857ஆம் ஆண்டு முதல் மூன்றாண்டளவு பிளான்போர்டு தென்னாட்டில் உழைத்தார். தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி ஆகிய இரு ஜில்லாக்களின் சுண்ணப் பாறைகளை அடுக்கு அடுக்காய்ப் பிரித்தறிதல் அவர்க்கு இடப்பட்ட வேலை. புகைவண்டி இப்பக்கம் வாராத காலம் அது. மாட்டுவண்டியும் கூடாரமும் சம்மட்டியும் கொண்டு ஓடை ஓடையாய்ச் சென்றார். பாறை மண்மூடிக் கிடக்கும் சமவெளியில் ஓடைக் கரைகளும் கிணற்றுக் குழிகளுமே நிலத்தின் உள்ளமைப்பைக் காட்டுவன என்பதை நிலநூல் பயில்வோர் அறிவர். அவர் கண்ட அடுக்குகளுக்கு ஊர்ப்பெயர்களையே இட்டார். அடியில் உள்ளது ஊட்டத்தூர் அடுக்கு. அதன்மேல் திருச்சிராப்பள்ளி அடுக்கு. அதற்கும் மேல் அரியலூர் அடுக்கு. புதுச்சேரிப் பக்கத்துப் படிவின் ஒரு பகுதிக்கு வழுதாவூர்ப் பெயரை வைத்தார். இவற்றின்மேற் பரந்து கிடக்கும் செந்நிற மணற்கல்லைக் கடலூர் மணற்கல் என்றார். திருவக்கரைக் கல்மரங்கள் இருப்பது அம்மணற்கல்லிலேயாம்.

திண்டிவனத்து மேற்கே செஞ்சி மலைகளைப் பாருங்கள். அவை 200 கோடி ஆண்டுக்கும் முற்பட்ட கடும்பாறை. அங்கிருந்து வழுதாவூர்ப் பக்கம் வந்தால் 7 கோடி ஆண்டளவுக்கு முந்திய கடலடிச் சேறு; அதிற் சாளக்கிராமத்தை யொத்த சுருட் சங்குகள். அதனையுங் கடந்து கிழக்கே சென்றால் செம்மேடுகளாகிய கடலூர் மணற்கல். அதன் பின் ஆற்று வண்டலும் கடற்கரை மணலும். ஒருநாட் பயணத்துள் உலக வரலாற்றின் பெரும்பகுதியைக் கடந்துவிடலாம். இத்தகைய வாய்ப்புடைய பாடசாலைகள் இந்நாட்டிற் பலவில்லை.

இவ்வாராய்ச்சியின் முடிபுகள் 1862ஆம் ஆண்டில் நூலாய் வெளிவந்தன. அதற்கு முந்திய ஆண்டிலேயே தென்னாட்டுச் சுண்ணப் பாறைகளிற் கிடைத்த நாட்டிலஸ், பெலெம்னைட்டு வகைப் பிராணிகளைப்பற்றித் தனிநூல் ஒன்றும் வெளியிட்டார். வழுதாவூர் அடுக்கின் வயதைப்பற்றி அவர் கொண்ட கருத்தை நூற்றாண்டின் இறுதியில் காஸ்மத் என்னும் ஆராய்ச்சியாளர் திருத்தி, அஃது அரியலூர் அடுக்கினோடு ஒக்கும் என்று காட்டினார். திருச்சிராப்பள்ளிச் சீமைக்கு அவர் வகுத்த முப்பகுப்போ இன்றும் வழங்குகின்றது.

ஆயினும் இப்பணிக்கு அவர் உடல் இடங்கொடுக்கவில்லை. வெயிலிலும் மழையிலும் ஓயாது திரிந்ததனால் நலங் கெட்டு, 1862ஆம் ஆண்டில் ஆராய்ச்சி இலாகாவை விட்டு விலகினார். அப்போது வயது 28. களத்தில் நடந்து கற்றவர் களத்திற்குச் செல்ல இயலாதாயின் யாது செய்வது? பிளான்போர்டு வங்காளக் கல்வி இலாகாவிற் புகுந்து, கல்கத்தா பிரஸிடென்ஸிக் கல்லூரியிற் பேராசிரியராயினார். ஏறத்தாழப் பத்தாண்டு அங்கே கற்பித்தார். இதனை அவர் வாழ்வின் இடைவெளி என்று சிலர் கருதுவர். அவ்வாறு கருதுதல் பொருந்தாதென்பது எம் எண்ணம். ஏனெனில் அவர் பிற்காலத்துச் செயல்கள் யாவும் அக்கல்லூரி அறையிலேயே வேர் கொண்டன.

1864ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 5ஆந் தேதி கல்கத்தாவைப் பெரும்புயல் தாக்கிற்று. ஹூக்ளி யாற்றின் வழியே கடல் பொங்கிக் கரைகளை மூடியது. மாண்டவர் 60,000 அளவினர் என்பர். மறுமாதமே மசூலிப்பட்டினத்தை மற்றொரு புயல் அழித்தது. வங்காள ஆசியச் சங்கத்திற் செயலாளராய் இருந்த பிளான்போர்டு, காஸ்ட்ரல் என்னும் படைத்தலைவரோடு சேர்ந்து கல்கத்தாப் புயலின் வரலாற்றை ஆராய்ந்தார். கப்பல்களின் குறிப்புப் புத்தகங்களையும், கரையோரத்து அழுத்தமானிக் கணக்குகளையும் ஒருங்கு வைத்து ஒப்பிட்டு, புயல் எங்கே தோன்றி எவ்வழி வந்ததென்று வரைந்து காட்டினர். ஓடைக் கரைகளிற் சிதறிக் கிடந்த பாறைத் துண்டுகளைக் கொண்டு மறைந்த அடுக்கை நிறுவிய அதே முறைதான் இங்கும் பயன்பட்டது. 1867ஆம் ஆண்டில் வங்காள அரசாங்கத்தின் வானிலை அறிவிப்பாளர் பொறுப்பும் அவரைச் சேர்ந்தது. கற்பிக்கும் வேலையை அதனால் அவர் விட்டுவிடவில்லை.

இனி அவர் எழுதிய பாடநூலைப்பற்றிச் சொல்லுதல் வேண்டும். அக்காலத்து நம் நாட்டுப் பாடசாலைகளில் வழங்கிய பூகோள நூல்கள் பெரும்பாலும் மேனாட்டுச் சிறுவர்க்கென எழுதப்பட்டவை. உறைபனியைக் கண்டறியாத பிள்ளை அதன் இலக்கணத்தை நெட்டுருப் பண்ணுவான். தன் ஊர் ஏரியில் வண்டல் படிவதை நோக்கான். பிளான்போர்டு இந்தியப் பாடசாலைகளுக்கென்றே இயற்கைப் பூகோளத்தின் மூலபாடங்களை ஒரு சிறு நூலாக இயற்றினார். அருஞ்சொற்களுக்குப் பொருள் கூறும் அகராதி ஒன்றையும் அதனோடு சேர்த்தார். அந்நூல் பலமுறை பதிப்பிக்கப்பெற்றது. பேராராய்ச்சி செய்தவர் சிறுவர்க்கு நூல் எழுத முன்வருதல் எக்காலத்தும் அரிதே. அவ்வாறு எழுதும்போது, எதனை விடுவது என்று அறிந்தவர் அவர் ஒருவரே. தானே கண்டிராதவன் எதனையும் விட அஞ்சுவான்.

ஆசிரியப் பயிற்சியைப்பற்றி ஈண்டு ஒரு சொல். நம் மாகாணத்தில் ஆசிரியரைப் பயிற்றும் அரசாங்கக் கல்லூரி 1856ஆம் ஆண்டிலேயே சென்னையில் தோன்றி, பின்னர்ச் சைதாப்பேட்டையில் நிலைத்தது. 1926ஆம் ஆண்டில் சென்னைப் புவியியற் சங்கம் எழுந்ததும் அவ்வாசிரியர் உலகத்தினின்றே. முன்பு ஓராண்டாய் இருந்த பி.எட். பயிற்சி 2015 முதல் ஈராண்டாயிற்று. இன்றும் நம் உயர்நிலைப் பள்ளிகளில் நிலநூல் தனிப்பாடமன்று. பாறையும் எரிமலையும் நிலநடுக்கமும் சமூக அறிவியற் புத்தகத்தின் புவியியற் பகுதியில் அடங்கியுள்ளன. ஆதலின் அவற்றைக் கற்பிக்க வருபவருட் பாறையைக் கையிலெடுத்து உடைத்துப் பார்த்தவரும் உளர். வரலாறு பயின்று வந்தவரும் உளர். பின்னவரைக் குறை கூறுதல் நம் கருத்தன்று. கற்பிக்கும் முறையைப் பயிற்றும் காலத்தில், பாடத்திட்டக் குறிப்பு எழுதுவதற்குச் செல்லும் நாட்களிற் சிலவற்றை வழுதாவூர் ஓடைக்கோ திருவக்கரை மேட்டுக்கோ ஒதுக்கினால் இக்குறை பெரிதும் நீங்கும். கல்மரம் பாதுகாக்கப்பட்ட பூங்காவாதலின் அங்கே கண்ணாற் காண்பதே முறை; ஒரு துண்டும் எடுத்தல் ஆகாது.

1875ஆம் ஆண்டு பிளான்போர்டுக்கு இருவகையிற் சிறந்த ஆண்டு. இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையே முன்னாளில் நிலத்தொடர்பு இருந்ததென்று கல்லாய்ச் சமைந்த தாவரங்களைக் கொண்டு வாதித்த கட்டுரை அவ்வாண்டில் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே இந்திய அரசாங்கம் வானிலை இலாகாவை ஏற்படுத்தி அவரை அதன் தலைவராக்கிற்று. அடுத்த ஆண்டிலேயே மழை பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டன்மார் நடுங்கிச் சொல்லிய கொடும்பஞ்சம் அது. தென்னாட்டிற் பல லட்சம் மக்கள் மடிந்தனர். மழை பொய்க்குமோ என்பதை முன்னரே அறியக் கூடுமா என்ற கேள்வி அரசாங்கத்தையும் அவரையும் பற்றிக்கொண்டது. 1877ஆம் ஆண்டில் வானிலைக் கணக்கெடுப்போர்க்கு ஒரு கைந்நூல் எழுதினார். நாடெங்கும் உள்ள நிலையங்களில் ஒரே முறையில் அளந்தாலன்றி ஒப்புநோக்குதல் இயலாதாகலின், இதுவும் ஒருவகை ஆசிரியப் பணியே.

இமயமலையில் உறைபனி மிகுதியாகவும் காலந் தாழ்த்தும் விழுந்த ஆண்டுகளில் வடஇந்தியாவில் வறண்ட காற்று நீடித்து மழை குறைதலை அவர் கவனித்தார். அதனை 1884ஆம் ஆண்டில் லண்டன் ராயல் சங்கத்திற் கட்டுரையாக வெளியிட்டார். அச்சங்கம் 1880ஆம் ஆண்டிலேயே அவரைத் தன் உறுப்பினராக ஏற்றிருந்தது. 1882 முதல் சோதனையாகக் கூறிவந்த பருவமழை முன்னறிவிப்பு, 1886ஆம் ஆண்டு ஜூன் மாதம் 4ஆந் தேதி முறைப்படி வெளியிடப்பெற்றது. அம்முன்னறிவிப்பு எல்லா ஆண்டுகளிலும் பலித்ததென்று சொல்ல இயலாது. பனியொன்றே மழையை ஆள்வதில்லை என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஆயினும் கடந்த கணக்கைக்கொண்டு வரும் பருவத்தைக் கூறலாம் என்னும் முயற்சி அன்று தொடங்கி இன்றளவும் நின்றபாடில்லை.

அவருடைய அலுவலகத்தில் 1885ஆம் ஆண்டிற் சேர்ந்த இளைஞர் ஒருவர் ருசிராம் சாஹ்னி என்னும் பஞ்சாபியர்; அவ்விலாகாவில் உயர்பதவி பெற்ற முதல் இந்தியருள் ஒருவர். சாஹ்னி சில ஆண்டுகளில் வானிலைப் பணியை விட்டு லாகூர் அரசாங்கக் கல்லூரியில் ஆசிரியரானார். ஊர் ஊராய்ச் சென்று கடைவீதி மக்களுக்கும் பஞ்சாபி மொழியிலேயே விஞ்ஞானச் சொற்பொழிவு ஆற்றினார். அவர் மகனாரே கல்லாய்ச் சமைந்த தாவரங்களை ஆராய்ந்து லக்னோவில் ஆராய்ச்சி நிலையம் நிறுவிய பீர்பால் சாஹ்னி. நிலநூலினின்று வானிலைக்குச் சென்றவரிடம் பணி பழகியவரின் மகன், வானிலை வீட்டிற் பிறந்து நிலநூலுக்குத் திரும்பினார்.

பிளான்போர்டு 1888ஆம் ஆண்டில் ஓய்வு பெற்று இங்கிலாந்து சென்று, தென்கடற்கரையில் போக்ஸ்டன் என்னும் ஊரில் வாழ்ந்தார். அவர்க்குப் பின் இலாகாவின் தலைமையை ஏற்றவர் ஜான் எலியட். ஓய்விலும் அவர் எழுதுகோல் ஓயவில்லை. 1889ஆம் ஆண்டில் இந்தியா, இலங்கை, பர்மா ஆகிய நாடுகளின் தட்பவெப்பநிலையைப்பற்றிய பெருநூல் வெளிவந்தது. அதனையடுத்து அவர் எடுத்துக்கொண்டது மீண்டும் பிள்ளைகளுக்கான வேலையே. ஆர்ச்சிபால்டு கெய்க்கி என்னும் நிலநூற் பேரறிஞர் பதிப்பித்த பூகோள வரிசையில், இந்தியா, பர்மா, இலங்கையின் தொடக்கப் பூகோளத்தை எழுதி 1890ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவ்வரிசையின் முதல் நூல், பூகோளத்தைக் கற்பிப்பது எவ்வாறு என்று ஆசிரியர்களுக்கென்றே கெய்க்கி எழுதியதாகும். பிளான்போர்டு 1893ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 23ஆந் தேதி, தம் 58ஆம் வயதில், போக்ஸ்டனிலேயே காலமானார்.